கூர்வளைவே இல்லாத கிராமத்துத் தேவாலயம்

ஐயா,

விக்டோரியா காலத் தேவாலயம் என்றால் கூர்வளைவுதான் (உச்சி கூராக முடியும் வளைவு) என்று முடிவுகட்ட முடியாது. இங்கிலாந்தின் கம்பிரியாவில், ரீயா கிராமத்துப் புனித மரியாள் ஆலயம் (பிரதிஷ்டை 1842) முழுக்க அரைவட்ட வளைவுகள்தான். கிழக்கு முனையும் அரைவட்டம். வடிவமைத்த சாரா லாஷ் கட்டடக்கலை பயின்றவரல்லர். தன் விருப்பப்படி கட்ட விட்டால் செலவு தன்னுடையது என்றார். ஏறத்தாழ 1,200 பவுன் ஆனது. கல்வேலை உள்ளூர்க் கொத்தர் வில்லியம் ஹிண்ட்சனுடையது. வாசலில் தொடங்கி உள்ளே வரை பைன் காய்கள், தாமரை, பூச்சிகள் என்று செதுக்கல்கள். சிலுவையைத் தேடத்தான் வேண்டும்!

இத்தகைய பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றியும் ஒரு சொல்: பழைய மணற்கல் சுவர்களின் இடுக்குகளில் சிமென்ட் அடைப்பதுதான் பெரிய தவறு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் கல்வழியே கசிந்து, உப்புப் பூத்து, குளிரில் உறைந்து, கல்முகம் செதில் செதிலாக உதிரும். சில ஆண்டுகளில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

– ஒரு வாசகர்