ஒரே கையில் இருந்தால்தான் நெரிசல் குறையும்

ஆசிரியருக்கு வணக்கம். சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு வழித்தட விரைவுச்சாலைச் சுரங்கத்தைத் தனியாரிடம் விடாமல் அரசே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹாங்காங்கின் அனுபவம் அதைத்தான் சொல்கிறது.

ஹாங்காங்கில் துறைமுகத்துக்கு அடியில் வண்டிகள் கடக்கும் மேற்குத் துறைமுகச் சுரங்கப்பாதை, 30 ஆண்டு தனியார் ஒப்பந்தம் முடிந்து 2023 ஆகஸ்ட்டில் அரசிடம் வந்தது. அதுவரை அங்கே காருக்குக் கட்டணம் 75 ஹாங்காங் டாலர். ஹங் ஹாமில் உள்ள பழைய சுரங்கத்தில் 20 தான். அப்புறம் யார் மேற்கே போவார்கள்? வண்டிகளெல்லாம் பழைய வாயிலில் குவிந்தன. சுரங்கத்துக்குள்ளேயே நுழையாத வண்டிகளும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டன. துறைமுகத்தைக் கடக்கும் மூன்று சாலைச் சுரங்கங்களும் அரசின் கைக்கு வந்த பிறகுதான், அதே ஆண்டு டிசம்பரில், நெரிசல் நேரத்தில் கூடி மற்ற நேரத்தில் குறையும் கட்டணம் வந்தது.

சிங்கப்பூரில் நம் மின்னியல் சாலைக் கட்டணம் (ERP), விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்தே ஏறி இறங்குகிறது. லாபம் பார்க்கும் நிறுவனம் கட்டணத்தை அப்படி இறக்குமா? வடக்கு-தெற்கு வழித்தடச் சுரங்கமும் எந்நாளும் அரசிடமே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்