திறந்துவைத்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டு செய்திதான் பெரிதாக வருகிறது. ஒன்று அடிக்கல் நாட்டினார்கள், இன்னொன்று திறந்துவைத்தார்கள். மூன்றாவதாக ஒரு செய்தியும் வர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். திறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே, அது எப்படி நடக்கிறது, எத்தனை பேர் வந்து போகிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும். இந்த ஊரில் கட்டுவதற்குப் பணம் எப்படியோ வந்துவிடுகிறது. கட்டியதை நாள்தோறும் நடத்துவதற்குத்தான் ஆளும் பணமும் ஒதுக்குவதில்லை.

முதலில் விளையாட்டு. 2025 நவம்பர் 28-லிருந்து டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் ஆடிய முதல் ஜூனியர் உலகக் கோப்பை அது. ஓமனை இந்தியா 17-0 என்று அடித்ததும், சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்ததும் நம்ம ஊர் ரேஸ்கோர்ஸ் ஹாக்கி மைதானத்தில்தான். கடைசியில் ஜெர்மனி கோப்பையைக் கொண்டுபோனது, அர்ஜென்டினாவைத் தோற்கடித்து இந்தியா வெண்கலம் வாங்கியது. இந்தியா ஆடிய நாட்களில் கேலரியில் உட்கார்ந்து கத்தியவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் ஒரு ஹாக்கி ஆட்டத்தை முழுதாக நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பெனால்டி கார்னர் கிடைத்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள், எனக்கு அது பெரிய சந்தோஷம். உலக அளவிலான ஒரு போட்டி நம்ம ஊருக்கு வந்து, நம்மால் அதை ஒழுங்காக நடத்தவும் முடிந்தது என்று மனதாரச் சொல்கிறேன்.

சரி, போட்டி முடிந்துவிட்டது. ஹாக்கி மைதானத்தின் அந்த நீலச் செயற்கைத் தரையில் இப்போது யார் ஆடப் போகிறார்கள்? மண் தரை மாதிரி விட்டால் அதுபாட்டுக்குக் கிடக்கும் தரை இல்லை அது. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதற்குத் தண்ணீரும் மோட்டாரும் ஆளும் வேண்டும், சில வருஷங்களில் தேய்ந்துபோனால் மாற்றுவதற்குப் பணமும் வேண்டும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று எழுதிவைத்து, மட்டையும் பந்தும் கொடுத்து, ஒரு பயிற்சியாளரையும் போட்டால் பத்து வருஷத்தில் இந்திய அணியில் மதுரைப் பையனோ பெண்ணோ இருக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் அடுத்த பெரிய போட்டி வரும்வரை அந்தத் தரைக்குக் காவல்காரர் மட்டும்தான் துணை.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர், அதே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார். ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். இவர்களை உருவாக்கியது பெரிய அரங்கம் கிடையாது, தினமும் ஒரே நேரத்துக்குத் திறந்த ஒரு மைதானமும் பக்கத்தில் நின்ற ஒரு பயிற்சியாளரும்தான். கிரிக்கெட்டுக்கு ரிங் ரோடு பக்கம் சிந்தாமணியில் தனியார் மைதானம் வந்திருக்கிறது, 2025 அக்டோபரில் தோனியே வந்து திறந்துவைத்தார். மதுரை பாந்தர்ஸ் 2018-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை ஜெயித்தபோது ஊருக்குள் அந்த மாதிரி மைதானம் இல்லை, பக்கத்தில் நத்தத்துக்குப் போய்த்தான் ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது. இனி சொந்த ஊரிலேயே பார்க்கலாம் என்றால் நல்லதுதான். ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் வேறு, சாயங்காலம் இறங்கி ஆடுகிற இடம் வேறு. 100 வார்டு உள்ள ஊரில் வார்டுக்கு ஒரு விளையாட்டுத் திடல், அதில் ஒரு விளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், பெண் பிள்ளைகள் தயங்காமல் போகக்கூடிய ஒரு கழிப்பறை, இவ்வளவுதான் கேட்கிறேன். செல்லூரிலும் முனிச்சாலையிலும் பையன்கள் சந்துக்குள் ஸ்டம்புக்குப் பதிலாக செங்கல்லை அடுக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜல்லிக்கட்டு அரங்கமும் அப்படித்தான். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரி 24-ல் திறந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்ற வரிசை அந்தந்த ஊர் வாடிவாசலில்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும், அது அந்த ஊர்க்காரர்களின் சாமி காரியம், அதைக் கொண்டுபோய் அரங்கத்துக்குள் வைக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியென்றால் வருஷத்தில் மிச்ச நாட்களில் அந்த அரங்கம் என்ன செய்யும்? கபடி நடத்தலாம், சிலம்பம் நடத்தலாம், நாட்டு மாட்டுச் சந்தை கூட்டலாம். சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து நேராக ஒரு பஸ் விட்டால் வெளியூர்க்காரர்கள் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டு அங்கேயும் போவார்கள். அந்த பஸ்ஸைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

மதுரையைத் தூங்கா நகரம் என்று மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். ராத்திரி ஏன் இந்த ஊர் முழித்திருக்கிறது என்று யோசித்தால் காரணம் கண்முன்னால் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் காய்கறி லாரி நடு ராத்திரிக்கு மேல்தான் வந்து இறங்கும், லோடு இறக்குகிறவர்களுக்கு அப்போதுதான் பசிக்கும். பூ மார்க்கெட் விடிவதற்கு முன்னாலேயே கூடிவிடும். ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தென்மாவட்டம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள், அவர்களோடு கூட வந்தவர்கள் ராத்திரியெல்லாம் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ராமநாதபுரம், தேனி, திருநெல்வேலி என்று எந்தப் பக்கம் போகிறவர்களும் இங்கே பஸ் மாறுகிறார்கள். இவர்களுக்காகத்தான் ராத்திரி இட்லிக் கடை வந்தது, குடல் குழம்பு வந்தது, கொத்து பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் வந்தது. யூடியூப்காரர்கள் கேமராவோடு வந்து கறி தோசையையும் பன் பரோட்டாவையும் படம் எடுப்பது பிற்பாடு நடந்த விஷயம். அந்தக் கடைகள் முதலில் உழைக்கிறவர்களின் சாப்பாட்டுக் கடைகள், சுற்றுலா அப்புறம்தான்.

இந்தத் தொழிலுக்கு யாரும் அடிக்கல் நாட்டவில்லை, யாரும் ரிப்பன் வெட்டவில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, சிம்மக்கல் பக்கம் கறி தோசை, மகால் தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் சுடுகிற முள்முருங்கை வடை, சாயங்காலமானால் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் சுக்கும் வெல்லமும் மணக்க வருகிற பருத்திப்பால், எல்லாம் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்தவை. ஆனால் ராத்திரி பதினோரு மணியானால் கடையை அடை என்ற சத்தம் கேட்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டது, நல்ல ஆணை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பையனுமாக நடத்துகிற இட்லிக் கடையில் பத்துப் பேர் எங்கே இருப்பார்கள்? ஏசி போட்ட பெரிய ஓட்டல்காரர் ஆணையைக் காட்டிவிடுவார், தள்ளுவண்டிக்காரர் எதைக் காட்டுவார்?

அவருக்கும் காட்டுவதற்குச் சட்டம் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற மாட்டாத விஷயம். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அந்த 40 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, எந்தத் தெருவில் விற்கலாம் எந்தத் தெருவில் கூடாது என்று பிரித்து அறிவிக்க வேண்டும். இதை முழுசாக நிறைவேற்றினால் மாசி வீதிகளில் நடக்கிறவனுக்கும் வழி கிடைக்கும், விற்கிறவருக்கும் இடம் கிடைக்கும். இந்தச் சட்டத்துக்கு சிமெண்ட் வேண்டாம், கம்பி வேண்டாம், டெண்டர் கூட வேண்டாம். ஒரு வேளை அதனால்தான் யாருக்கும் அதில் ஆர்வம் இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

குப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025-ல் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் பெரிய நகரங்கள் 40-ல் மதுரைக்கு 40-வது இடம். படித்த அன்று தலை குனிந்தது உண்மை. உடனே பலர் தெருவோரக் கடைகள்தான் காரணம் என்று பேச ஆரம்பித்தார்கள். இலையும் பேப்பர் கப்பும் விழுகிறதுதான், மறுக்கவில்லை. ராத்திரி கடை நடக்கிற தெருவில் ராத்திரிதான் குப்பை சேரும், அப்படியானால் ராத்திரி ஒரு முறை வண்டி வர வேண்டும், காலையில் வருகிற வண்டி நாயும் மாடும் கிளறிய பிறகுதான் வந்து சேரும். கடைக்காரர்களிடம் மாதம் ஒரு தொகை கட்டணமாக வாங்குங்கள், ரசீது கொடுங்கள், பெரிய தொட்டி வையுங்கள், கை கழுவிய தண்ணீர் போக ஒரு வழி செய்யுங்கள். கட்ட மாட்டேன் என்று சொல்கிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை. ரசீது இல்லாமல் கொடுப்பதில்தான் அவர்களுக்கு வருத்தம்.

எதுவுமே நன்றாக நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள், காலையில் இருந்தே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காது. அங்கே ஆள் இருக்கிறார்கள், நேரம் இருக்கிறது, உள்ளே போக யார் தயவும் வேண்டாம். வண்டியூர் தெப்பக்குளம் இன்னும் நல்ல உதாரணம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், ரொம்ப காலம் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடினார்கள். பனையூர்க் கால்வாயைச் சரி செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான், சுற்றி நடக்க ஆள் வந்தார்கள், படகு வந்தது, சாயங்காலக் கடைகள் தானாக வந்தன, பக்கத்துத் தெருக்களில் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஒரு கால்வாயைத் தூர் வாரியதில் கிடைத்த பலன் இது. அந்தக் கால்வாயை வருஷாவருஷம் தூர் வாருவதற்கு ஒரு தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் பழைய கதைதான்.

மெட்ரோவைப் பற்றிக் கேட்பார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் திட்டத்தை 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் ஜனத்தொகை இல்லை என்று மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. பதினாலு வருஷம் பழைய கணக்கை வைத்து இன்றைய ஊரை அளப்பது நியாயம் இல்லை, திரும்பவும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மெட்ரோ வருகிற வரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டலில் வேலை முடிந்து வில்லாபுரத்துக்கும் ஆனையூருக்கும் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போக வேண்டுமா? மாட்டுத்தாவணி, பெரியார், ஆரப்பாளையம் மூன்று பஸ் நிலையங்களையும் இணைத்து ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒரு டவுன் பஸ் விட முடியும், அதற்கு டெல்லியில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெரியார் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி பணத்தில் இடித்துக் கட்டி 2021-ல் திறந்தாயிற்று, மேலமடையில் வேலுநாச்சியார் மேம்பாலம் 2025 டிசம்பரில் திறந்தாயிற்று, இனி அவற்றின் மேல் ஓடுகிற பஸ்ஸையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பது இன்னொரு தொல்லை. சொத்து வரி முறைகேட்டு விவகாரத்தில் மாநகராட்சி மண்டலத் தலைவர்கள் 2025 ஜூலையில் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். கவுன்சிலரிடம் கேட்டால் அதிகாரியைப் பார்க்கச் சொல்கிறார்கள், அதிகாரியைப் பார்த்தால் மீட்டிங்கில் இருக்கிறார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் நிருபர் ஒருவரை மாதத்துக்கு ஒரு இடமாக அனுப்புங்கள். முதல் மாதம் ஹாக்கி மைதானத்துக்கு அனுப்புங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்டில் நின்று, உள்ளே எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள், எந்தப் பள்ளி, உள்ளே விட என்ன கட்டணம் என்று எழுதட்டும். இரண்டாவது மாதம் ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி எதிரில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
செல்லூர் வாசகர்,
மதுரை.