கயலுக்கு: முதலில் கேள்வி, அப்புறம் கிராஃப்

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏசிடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைப் பரீட்சை) அறிவியல் பயிற்சித் தாளை முழுக்கப் பார்த்துவிட்டேன். கடைசி பாசேஜைத் தொடவே இல்லை, ஆனால் தொட்ட இடங்களில் தப்பு ரொம்பக் குறைவு, அதனால் எனக்கு சயின்ஸ் வராதும்மா என்று நேற்று போனில் அழுததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்தாவது வரை இங்கே பெங்களூரில் படித்த பழக்கம் உன்னை விடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, எல்லாம் புரிந்த பிறகுதான் கேள்விக்குப் போகிறாய். போர்டு பரீட்சைக்கு அது சரி. இந்தப் பரீட்சையில் விடை பெரும்பாலும் தாளிலேயே, படத்திலோ டேபிளிலோ இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அறிவியல் பகுதியில் 40 கேள்வி, 40 நிமிடம். 2025இல் மாற்றுவதற்கு முன்னால் 35 நிமிடம், உன் புத்தகம் பழையதாக இருந்தால் அப்படித்தான் போட்டிருக்கும், குழம்பாதே. இப்போது இது விருப்பப் பகுதி, மொத்த ஸ்கோரில் சேராது என்பதும் உண்மைதான், ஆனால் நீ எஞ்சினியரிங் கேட்கிறாய், சில கல்லூரிகள் இந்த மதிப்பெண்ணையும் கேட்கின்றன, அதனால் எழுதிவிடு.

எங்கள் பீன்யா லேபுக்கு வேறு லேபிலிருந்து போர்வெல் தண்ணீர் ரிப்போர்ட் வந்தால் யாரும் முன்னுரையைப் படிக்க மாட்டோம். எதை அளந்தார்கள், என்ன யூனிட், வரம்பு எவ்வளவு என்று நேராக அங்கே கண் போகும். கடினத்தன்மை 450 என்று மட்டும் இருந்தால் அது ஒன்றும் சொல்லாது, லிட்டருக்கு மில்லிகிராம் என்று பார்த்து, ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை என்று பக்கத்தில் வைத்தால்தான் பேசும். நீயும் அப்படித்தான் படிக்க வேண்டும். கேள்வி "படம் 2இன்படி" என்று ஆரம்பித்தால் நேராகப் படம் 2க்குப் போ. கீழே என்ன, பக்கத்தில் என்ன, யூனிட் என்ன, புள்ளிக்கோடு எதைக் குறிக்கிறது என்று பார்த்த பிறகு கோட்டைப் பார். இரண்டு பக்கமும் அளவு போட்டிருந்தால் எந்தக் கோடு எந்தப் பக்கத்துக்கு என்று நிச்சயம் செய்துகொள், உன் தாளில் ஒரு தப்பு அதனால்தான் வந்திருக்கிறது. அளவு 1, 10, 100 என்று தாவுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். நன்னீரில் அதிகபட்சம் கரையக்கூடிய ஆக்சிஜன் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம், 10இல் 11.3, 20இல் 9.1, 30இல் 7.6. 25 டிகிரியில் எவ்வளவு என்று கேட்டு 6.5, 8.3, 10.2, 12 என்று நான்கு விடை கொடுத்தால் கணக்கே போடாதே. 9.1க்கும் 7.6க்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான். 40 டிகிரிக்கு என்று கேட்டால் 7.6க்குக் கீழே எது என்று பார், அவ்வளவுதான். கால்குலேட்டர் அனுமதி இல்லாத பகுதி இது, பெரிய கணக்கு கேட்க மாட்டார்கள். ஏன் குறைகிறது என்ற காரணம் உனக்குத் தெரியும், ஆனால் அதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நிமிடம் போய்விடும். வெளி அறிவு வேண்டிய கேள்விகள் சிலதான் வரும், அமிலத்தின் பிஎச் 7க்குக் கீழே என்கிற மாதிரி, அது உன்னிடம் இருக்கிறது.

சோதனைகள் வரும் பாசேஜில் சோதனை 1க்கும் 2க்கும் எதை மாற்றினார்கள், எதை அப்படியே வைத்தார்கள் என்று மட்டும் தேடு. வாயில் நுழையாத பூச்சிப் பெயரும் கெமிக்கல் பெயரும் வந்தால் வெறும் லேபிளாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு. "ஆம், ஏனென்றால்", "இல்லை, ஏனென்றால்" என்று இரண்டிரண்டாக விடை வந்தால் முதலில் ஆமா இல்லையா என்பதைப் படத்தில் பார்த்து முடிவு செய், பாதி விடை அங்கேயே கழிந்துவிடும்.

விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமல் பேசும் பாசேஜ் மட்டும் வேறு. அதை நிதானமாக முழுக்கப் படி, ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்று ரஃப் பேப்பரில் ஒரு வரி எழுதிக்கொள், ஒருவரைப் பற்றிய கேள்விகளை முடித்துவிட்டு ஒப்பிடும் கேள்விகளுக்குப் போ. உனக்குக் கட்டுரை வாசிப்பது வேகமாக வரும், அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளாதே என்பேன், பலர் தள்ளச் சொல்வார்கள், உன் விஷயத்தில் அது சரியில்லை.

தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போ, நேரம் மிஞ்சினால் திரும்பி வா. எதையும் காலியாக விடாதே கண்ணு, அந்தக் கடைசி பாசேஜில் கண்ணை மூடிக் குறித்திருந்தாலும் ஒன்றிரண்டு விழுந்திருக்கும்.

இந்த வாரம் புதுத் தாள் எதுவும் போட வேண்டாம், இதையே டைமர் இல்லாமல் இன்னொரு முறை எடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது விடை சொல்லாதே, ஒவ்வொரு கேள்விக்கும் விடை எந்தப் படத்தில், எந்த டேபிளில் இருந்தது என்று மட்டும் சொல், நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அம்மா