மாங்காய்ப் பருவமும் மரப்பெட்டி முத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய் வரத்தாகும் இரண்டு, இரண்டரை மாதங்களை நம்பித்தான் ஆண்டு முழுவதும் பிழைக்கின்றன என்பது தங்கள் வாசகர்கள் அறிந்ததே. அந்தப் பருவத்தில் ஓட வேண்டிய இயந்திரம் மே மாதக் கடைசியில் சென்னையில் கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் பூட்டிக் கிடந்தால் ஆலை நடத்துபவனின் நிலை என்னவாகும் என்பதைக் காவேரிப்பட்டணம் அருகே சிறிய ஆலை நடத்தும் நான் 2024-ஆம் ஆண்டு கண்டேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு தருவிப்பதற்கு எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டி எப்படித் திட்டமிட வேண்டும், அதற்கு மாவட்ட நிர்வாகம் என்ன செய்து தரலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கூழைக் கிருமி நீக்கிய பைகளில் நிரப்பும் இயந்திரம் ஒன்றுக்கு இத்தாலி நிறுவனம் ஒன்றிடம் ஜனவரிக் கடைசியில் முன்பணம் அனுப்பியிருந்தேன். 2023 நவம்பர் முதல் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டு வந்தமையால் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே கப்பல்களை அனுப்பின. அதனால் இரண்டு வாரம் கூடுதலாகும் என்பதை நானும் கணக்கில் வைத்திருந்தேன். கப்பல் மேலும் சில நாள் தாமதித்தபோதும் கையில் பத்து நாள் மிச்சமிருந்தது. அந்தப் பத்து நாளையும் விழுங்கியது கடல் அன்று, ஒரு மரப்பெட்டி.

கன்டெய்னரைத் திறந்து பரிசோதித்தபோது உள்ளே நான்கு மரப்பெட்டிகள் இருந்தன. மூன்றில் கோதுமைக் கதிர் வரைந்த முத்திரை பளிச்சென்று இருந்தது. உதிரிப் பாகங்களை வைத்திருந்த நான்காவது பெட்டியில் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முத்திரை இல்லை. கடைசி நேரத்தில் ஏதோ கையில் கிடைத்த பலகையை வைத்து அடித்திருக்கிறார்கள். பட்டைகூட முழுவதும் உரிக்கப்படாமல் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் இருக்கும் புழுவும் வண்டும் நாடு விட்டு நாடு பரவிவிடக் கூடாது என்பதற்காக, பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது மீத்தைல் புரோமைடு புகை போடப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அதற்கு அடையாளமாக நாட்டின் குறியீடும் செய்தவரின் எண்ணும் வெப்பத்துக்கு எச்.டி. அல்லது புகைக்கு எம்.பி. என்ற எழுத்தும் கொண்ட அந்த முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும் என்பதும் பன்னாட்டு விதி. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இதை வலியுறுத்துகிறது. ஏற்றுமதிக்குப் போகும் மாம்பழத்தை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். வந்து இறங்கும் பெட்டிக்கு வெப்பம் ஏற்றியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் வந்து பார்த்து, புகை போட்டு, சான்று கிடைத்து, சுங்கத் துறை சரக்கை விடுவிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் ஆட்டோ மீட்டரைப் போல இரண்டு கணக்குகள் ஓடின. ஒன்று, சரக்குப் பெட்டக நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய இட வாடகை. மற்றொன்று, இலவச நாள்கள் முடிந்த பிறகும் கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்காததற்காகக் கப்பல் நிறுவனம் டாலர் கணக்கில் வாங்கும் டிடென்ஷன். இரண்டையும் டெமரேஜ் என்றே எல்லோரும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் வாங்குபவர் வேறு, இலவச நாள் வேறு, பேசித் தள்ளுபடி கேட்க வேண்டிய இடமும் வேறு. சுங்கத் துறை தடுத்து வைத்த சரக்குக்கு இட வாடகை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சரக்குக் கையாளுகை விதிமுறைகளில் இருப்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் அறிந்தேன். என் போன்ற நிலையில், அதாவது பிழை என் பக்கத்துச் சரக்கிலேயே இருக்கும்போது, அந்த விதியைக் காட்டி வாதாடுவது எளிதன்று. உதிரிப் பாகங்களின் விலையைவிடக் கூடுதலான தொகையை அவற்றை வைத்திருந்த பெட்டிக்காகக் கட்டினேன். "எல்லா மரப்பெட்டியிலும் முத்திரை தெரியும்படி படம் எடுத்து அனுப்பிய பிறகே கன்டெய்னரை மூட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இப்போது சேர்த்துவிடுகிறேன்.

சுங்கத் துறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கப்பல் பயணத்தை நாள் எண்ணித் திட்டமிடும் நாங்கள், காகிதத்துக்கு நாள் ஒதுக்குவதில்லை என்பதே என் ஆதங்கம்.

பர்கூர்ப் பக்கம் கிரானைட் மெருகேற்றும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அசல் ஆவணங்கள் வங்கிக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்து, பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதி நுழைவுப் பத்திரத்தை எட்டு நாள் தாமதமாகத் தாக்கல் செய்தார். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். எட்டு நாளுக்கு 65,000 ரூபாய் ஆகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருப்பதாக சுங்க அதிகாரி கருதினால் இதைத் தள்ளுபடி செய்யலாம். ஆவணத்துக்காகக் காத்திருந்தேன் என்று நண்பர் சொன்னதைத் தக்க காரணமாக அதிகாரி ஏற்கவில்லை. இத்தனைக்கும், கப்பல் வருவதற்கு 30 நாள் முன்னதாகவே அதைத் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரமான பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றின் நகல்களை மின்னஞ்சலில் வாங்கி இணையத்தில் ஏற்றினால் தாக்கல் செய்துவிடலாம். அசல் பில் ஆஃப் லேடிங், கப்பல் நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் வாங்கும்போதுதான் வேண்டும். இந்த வேறுபாட்டை நண்பருக்கு, சுங்க வேலையைச் செய்து தரும் கிளியரிங் ஏஜென்ட் சொல்லவில்லை. நண்பர் கேட்கவும் இல்லை.

வரிக்கும் முன்னதாகவே பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 7.5 விழுக்காடு உள்ள பொருளானால் 75,000 ரூபாய். அதன் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி 7,500 ரூபாய். இவையெல்லாம் சேர்ந்த 10,82,500 ரூபாயின் மேல் 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. எனப்படும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி 1,94,850 ரூபாய். ஆக மொத்தம் 2,77,350 ரூபாய். இதில் ஐ.ஜி.எஸ்.டி.யைப் பின்னர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் சரக்கை வெளியே எடுக்கும் அன்று முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கடன் முழுவதும் மாங்காய்க் கொள்முதலுக்குப் போய்க்கொண்டிருக்கும் வேளை அது. கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. கப்பல் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கட்டணம் இன்னதென்று காட்ட முடியாவிட்டால், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய விலையின் 20 விழுக்காட்டைக் கப்பல் கட்டணம் என்றும் 1.125 விழுக்காட்டைக் காப்பீடு என்றும் மதிப்பில் சேர்த்துவிடுவார்கள்.

எந்தத் தலைப்பின் கீழ் வரி என்பது அடுத்த சிக்கல். உலகம் முழுவதும் பொருளின் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் பொது. நம் நாட்டில் எட்டு இலக்கம். விற்பவர் இன்வாய்ஸில் எழுதும் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது எங்களிடையே உள்ள பழக்கம். பையில் நிரப்பும் இயந்திரம் 8422 என்ற தலைப்பில் வரும். பழத்தைக் கூழாக்கும் இயந்திரம் 8438-இல் வரும். இரண்டும் சேர்ந்த தொகுப்பு வந்தால் எதில் போடுவது? 2020 முதல் முகமறியா மதிப்பீட்டு முறை நடைமுறையில் இருப்பதால், சென்னையில் இறங்கும் சரக்கின் பத்திரத்தை வேறு நகரத்தில் உள்ள அதிகாரி மதிப்பிடக்கூடும். நேரில் போய் விளக்க வழியில்லை, திரையில் கேட்கும் கேள்விக்குத் திரையில் பதில் எழுத வேண்டும். இயந்திரத்தின் தொழில்நுட்ப விளக்கத்தை ஆர்டர் போடும்போதே வாங்கி வைத்தவருக்கு இது ஒரு நாள் வேலை. மற்றவருக்கு ஒரு வாரம். பெரிய தொகையாக இருந்தால், எந்தத் தலைப்பு என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்லும், டெல்லியிலும் மும்பையிலும் உள்ள முன்தீர்ப்பு ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, மூன்று மாதத்துக்குள் தீர்ப்புப் பெறலாம். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்க வேண்டும்.

கட்டண விவரம் வாங்குவதிலும் நாம் ஏமாறுகிறோம். சென்னை வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவரே ஏற்கும் சி.ஐ.எஃப். விலை மலிவாகத் தெரிகிறது. கப்பலை விற்பவர் அமர்த்துகிறார். இந்தியாவில் இறங்கிய பிறகு வரும் கட்டணங்களுக்கு அவர் பொறுப்பில்லை. முழுக் கன்டெய்னர் எடுக்காமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் சில்லறைச் சரக்கில் இது இன்னும் மோசம். கடலுக்கு ஒரு கன மீட்டருக்கு அற்பத் தொகை சொல்லிவிட்டு, சென்னையில் இறக்கும் கூலி, ஆவணக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் என்று பின்னால் பட்டியல் நீள்கிறது. கப்பலில் ஏற்றும் வரை மட்டும் விற்பவர் பொறுப்பேற்கும் எஃப்.ஓ.பி. விலைக்கு வாங்கி, இங்குள்ள முகவரிடம் சரக்கு கதவுக்கு வந்து சேரும் வரையிலான தொகையை வரிவாரியாக எழுத்தில் வாங்குவதே மேல் என்பது என் அனுபவம். கன்டெய்னருக்கான இலவச நாளை 14 ஆக்கித் தருமாறு கேட்கும் நேரமும் அதுதான். கப்பல் வந்த பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

இறங்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சென்னையிலிருந்து இரயிலில் கன்டெய்னர் போகிறது. ஓசூர், சூளகிரிப் பகுதியினருக்குச் சுங்க வேலையை அங்கே முடிப்பது வசதியாக இருக்கலாம். இரயிலில் ஏறக் காத்திருக்கும் நாளையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் சென்னை என்று எழுதிய பிறகு மாற்ற முயல்வது வீண் செலவு.

இன்னொன்று. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் அது முடக்கப்படும். எங்களுக்கு ஆலையைத் துடைத்து, கொதிகலனைச் சரிபார்த்து, ஆள் சேர்க்கும் மாதங்களும் அவையே.

இவற்றில் எதுவும் இரகசியமன்று. சட்டமும் அறிவிக்கையும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ சரக்குத் தருவிக்கும் சிறு ஆலைக்காரர், ஆங்கில அறிவிக்கைகளைத் தேடிப் படித்துப் பொருள் கொள்வது நடக்கிற காரியமா? துறைமுக நகரங்களில் சுங்கத் துறை உதவி மையங்கள் வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன. சுங்க அதிகாரி ஒருவரும், தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரி ஒருவரும், அயல்நாட்டு வணிகம் பார்க்கும் வங்கி அலுவலர் ஒருவரும் ஒரு நாள் இந்தத் தொழில் மையங்களில் உட்கார்ந்து, தொழில் முனைவோர் கொண்டுவரும் இன்வாய்ஸையும் ஒப்பந்தத்தையும் பார்த்து, இது சரி, இது பிழை என்று தமிழில் சொன்னால் போதும். மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். மரப்பெட்டி முத்திரையின் படமும், தாக்கல் செய்ய வேண்டிய நாள் கணக்கும், எந்தக் கட்டணத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலும் கொண்ட நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றையும் அங்கே கொடுக்கலாம்.

ஜூன் முதல் வாரத்தில் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு ஜனவரியில் ஆர்டர் போயாக வேண்டும். ஆகவே இந்த முகாமைப் பொங்கலுக்கு முன் நடத்துமாறு இரு மாவட்ட ஆட்சியர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு மாங்கூழ் ஆலை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.