மூன்று மணி நேரம்கூடத் தாங்காத ஹெட்லேம்ப்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பழுதான ஹெட்லேம்புக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

இன்னும் ஏழு வாரத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை அல்ட்ரா மாரத்தான் ஓட இருக்கிறேன். மொத்த ஏற்றம் 5,000 மீட்டருக்கு மேல். என் வேகத்துக்கு ஒரு முழு இரவு மலையில்தான் கழியும். அதற்காகவே, தலையில் மாட்டும் விளக்கான உங்கள் ஹெட்லேம்பை வாங்கினேன். பெட்டியில் வெளிச்சத்தின் அளவாகவும் எரியும் நேரமாகவும் "400 லூமென், 10 மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பகலில் 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு, அன்றிரவே களைத்த கால்களோடு மறுபடி மலையேறினேன். வேண்டுமென்றேதான். இறக்கத்தில் ஒவ்வொரு எட்டிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. இதை முன்கூட்டியே பழக்காவிட்டால் பந்தயத்தின் பிற்பாதியில் கால் சொன்னபடி கேட்காது. அதையும் இருட்டில் பழக வேண்டும் என்பது என் திட்டம். இவ்வளவு இருட்டைத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

விளக்கை முழுதாகச் சார்ஜ் செய்திருந்தேன். இரண்டாவது மணி நேரத்தில் வெளிச்சம் மங்கியபோது பனிமூட்டம் என்று நினைத்தேன். 2 மணி 40 நிமிடத்தில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. முன்னெச்சரிக்கையாக ஒரு சிமிட்டல்கூட இல்லை. காலடியில் உருளும் கற்கள், இடது பக்கம் சரிவு. ஒரு கையில் மொபைல் வெளிச்சம், மறு கையில் ஊன்றுகோல் என்று, சில இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்து, மிச்சமிருந்த 4 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளங்கை சிராய்ப்போடு தப்பித்தேன். மாற்று விளக்கு எடுத்துப் போகாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இதை முதலில் உங்களுக்கு எழுதியபோது வந்த பதிலில், கைவிளக்கு, ஹெட்லேம்புகளைச் சோதிப்பதற்கான எஃப்எல்1 தரமுறைப்படி விளக்கு சோதிக்கப்பட்டது, குளிரில் பேட்டரி நேரம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்தத் தரமுறையையே எடுத்துக்கொள்வோம். போட்ட 30 நொடியில் இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை விளக்கு எரிவதாகத்தான் அதில் கணக்கு. அதாவது 400 லூமென் 40 ஆனாலும் எரிகிறது என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் போட்ட இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதைச் சின்ன எழுத்தில்கூட எங்கும் சொல்லவில்லை. அதையும் விட்டுவிடுகிறேன். 40 லூமெனில் நடந்தாவது இறங்கியிருப்பேன். எனக்குக் கிடைத்தது பூஜ்யம்.

குளிர் என்கிறீர்கள். அப்புறம் வீட்டுக்குள், மேசைமேல் வைத்து இரண்டு முறை எரியவிட்டுப் பார்த்தேன். ஒரு முறை 3 மணி 5 நிமிடம், இன்னொரு முறை அதற்கும் குறைவு. இரண்டின் காணொளியையும் அப்போதே உங்களுக்கு அனுப்பினேன், இதோடும் இணைத்திருக்கிறேன்.

அதற்கு வந்த பதில்தான் விசித்திரம்: வாங்கி 30 நாள் கடந்துவிட்டதாம், பெட்டியும் திறக்கப்பட்டுவிட்டதாம். பெட்டியைத் திறக்காமல் விளக்கைத் தலையில் மாட்டுவது எப்படி என்று உங்கள் பிரிவில் யாராவது விளக்கினால் தெரிந்துகொள்கிறேன். அட்டையில் அச்சிட்டிருக்கும் ஓராண்டு உத்தரவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு மாற்றுப் பொருள் வேண்டாம். அதே விளக்கை நம்பி இனி இரவில் இறங்க மாட்டேன். பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். என்னுடையதோடு ஒரே தொகுப்பில் தயாரான மற்ற விளக்குகளையும் சோதித்துப் பாருங்கள். நான் பயிற்சியில் மாட்டிக்கொண்டேன், இன்னொருவர் பந்தயத்தில் மாட்டிக்கொள்ளலாம். எத்தனையாவது மணி நேரத்தில் எத்தனை லூமென் கிடைக்கும் என்பதையும் பெட்டியில் அச்சிடுங்கள்.

பத்து நாளுக்குள் பதில் தேவை. இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன். புது விளக்கு வாங்கி, அதோடு இரண்டு இரவாவது ஓடிப் பார்க்காமல் நான் பந்தயத்துக்குப் போக முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், உத்தரவாத அட்டை நகல், இரண்டு காணொளிகள்