அத்தையின் மூன்றாவது பல்

நாகர்கோவில்,
ஆடி 18

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்து முடித்தேன். மழையில் நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை. பெரியவனுக்கு வேலை கிடைத்ததும், நம் கணக்கு டீச்சரை நீ ரயிலில் பார்த்ததும் மிகுந்த சந்தோஷம். அதையெல்லாம் அடுத்த கடிதத்தில் விரிவாகப் பேசுவோம். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "அத்தைக்கு இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் வலி தீரவில்லை, ஆவணி பிறந்ததும் மூன்றாவதையும் எடுக்கப் போகிறோம்" என்று, இந்தக் கடிதம் அதற்காகத்தான். அந்தப் பல்லை எடுக்க விடாதே.

முதலில் அத்தையிடம் ஒன்று கேள். வலி விண்விண் என்று தெறிக்கிறதா, சுரீர் என்று வெட்டுகிறதா? நம் பாட்டிமார்கள் இந்த இரண்டு சொல்லையும் குழப்புவதே இல்லை. சொத்தைப் பல்லின் வலி விண்விண் என்று நின்று தெறிக்கும். சூடான காபி பட்டால் ஏறும், படுத்தால் கூடும், இரவெல்லாம் உட்கார வைக்கும். நான் சந்தேகப்படும் முக நரம்பு வலி கரண்ட் அடித்தது போல ஒரு நொடி வரும், போகும், மறுபடி வரும். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். நடுவில் ஒன்றுமே இல்லாதது போல இருப்பார்கள். பல் தேய்த்தால், முகம் கழுவினால், ஒரு வாய் சோறு மென்றால், பேசினால், ஏன், காற்று பட்டால்கூட அது கிளம்பிவிடும். ஆனால் தூக்கத்தில் எழுப்புவது அபூர்வம்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததில்லை. பல் கிளினிக் தொடங்கிய இரண்டாவது வருடம், இதே ஆடி மாதம், தோவாளையிலிருந்து பூக்கட்டும் அக்கா ஒருவர் வந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியுமே. சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்துதான் விலக்கினார். இடது கன்னத்தில் மஞ்சள் பூசியிருந்தது. வலது கன்னத்தில் இல்லை, அழுக்குப் படிந்து கிடந்தது. எந்தப் பல் என்று கேட்டேன். விரலைக் கொண்டுபோய்க் கன்னத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்திவிட்டார். பல்வலிக்காரர்கள் உள்ளங்கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஸ்டெல்லா. இவருக்குத் தொடவே பயம். எல்லாம் என் கண்முன்னால் இருந்தது. நான் பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாயில் முன்பு அடைத்த பல் ஒன்று தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டேன். வலி நின்றது. அப்படியென்றால் பல்தான் காரணம் என்று முடிவு கட்டிப் பிடுங்கினேன். மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்து, அடுத்த பல்லைக் காட்டி, "இதையும் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அன்றுதான் இரவுத் தூக்கம் எப்படி என்று கேட்டேன். "இரவில் நன்றாகத் தூங்குகிறேன், விடிந்து முகம் கழுவத்தான் பயமாக இருக்கிறது" என்றார். பிடுங்கிய பல் முழுக்க நல்ல பல்.

ஊசி ஏன் ஏமாற்றியது என்று பிறகு புரிந்தது. வலியைக் கிளப்பிவிடும் இடம் ஈறிலோ உதட்டோரத்திலோ இருக்கும். அந்த இடம் மரத்தால் கொஞ்ச நேரம் வலியும் அடங்கும். அதோடு இந்த நோய் தானாகவே சில வாரம், சில மாதம் ஓய்ந்திருக்கும். பிடுங்கிய பிறகு அந்த ஓய்வு வந்தால் பல் போனதால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். திரும்ப வரும்போது பழி பக்கத்துப் பல்லின்மேல் விழுகிறது.

இதற்கு டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து நெற்றிக்கும் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. வலி பெரும்பாலும் கீழ் இரண்டு கிளையில்தான் வரும். பல்லுக்கும் அதே கிளைகள்தான், அதனால்தான் எல்லோரும் முதலில் எங்களிடம் வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம். பலருக்கு மூளைத்தண்டின் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும்.

முகம் கோணிவிடுமோ என்று கேட்டிருந்தாய். கோணாது. முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு, அது வேறு.

சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின்தான் கேட்கும். 1962-இல் ப்ளோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் இதை எழுதினார், இன்றுவரை அதுதான் முதல் மருந்து. அந்த அக்காவை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே சோறு மென்று சாப்பிட்டேன் என்று வந்து சொன்னார்.

ஆனால் நீயாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதே. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போ. வயதானவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தலைசுற்றும், தூக்கம் வரும், குளியலறையில் விழுந்துவிடாமல் கூடவே இரு. ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் ஒருநாள்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் ஓடு. ஆசிய மரபினரில் சிலருக்கு மரபணு காரணமாகத் தோலே உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் செலவைப் பார்க்காதே, நரம்பை அழுத்துவது கட்டியா என்று பார்க்க வேண்டும். கன்னம் மரத்துப்போகிறது என்று அத்தை சொன்னால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்.

மருந்து கேட்காமல் போனாலும் வழி இருக்கிறது. காதுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் துணுக்கை வைத்துப் பிரித்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. எங்கள் பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போகிறார்கள். வயதைப் பார்த்து ஊசி, கதிர் முறைகளும் செய்வார்கள். அதெல்லாம் பிறகு.

கடித்தால் மட்டும் வலிக்கிறது என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். அதை உங்கள் பல் டாக்டர் நன்றாகத் தேடிப் பார்க்கட்டும், அவர்மேல் கோபப்படாதே. எனக்கும் அதே தவறுதான் நடந்தது. எடுத்த எக்ஸ்ரேக்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அதுவரை அத்தைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாகக் கொடு. மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம். மென்று சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதே. நாளை வடசேரியிலிருந்து பஸ்ஸில் மதுரை வரும் என் தம்பியிடம் இரண்டு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சியில் மசித்துக் கொடு, அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே அது பிடிக்கும்.

டாக்டரைப் பார்த்த அன்றே எனக்குப் போன் செய், எத்தனை மணியானாலும்.

உன்,
வசந்தா