ஹப் போல்ட் வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் ஆறு போல்ட்டுகளில் இரண்டு முறிந்திருக்கின்றன. பாறையில் இடித்ததால் உடைந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அம்மா. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு பக்கம் வழவழப்பாக, பிறை பிறையாக மெல்லிய கோடுகளோடு இருக்கிறது. எதிர்ப்பக்கம் மட்டும் சொரசொரப்பு. வழவழப்பான பகுதியில் விரிசல் சிறிது சிறிதாக ஊர்ந்து வந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சியிருந்த துண்டுதான் பாறையில் இடித்தபோது ஒரேயடியாக அறுந்தது. அந்த போல்ட்டுகள் வெகுநாளாகவே தளர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு உலோக முகங்களை நெருக்கிப் பிடிப்பதுதான் ஹப் போல்ட்டின் வேலை. அந்தப் பிடியில் உண்டாகும் உராய்வுதான் இழுவிசையில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. இறுக்கம் குறைந்தால் முகங்கள் நழுவத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் போல்ட்டின் உடம்பு குறுக்கே அடிவாங்கும். இரண்டு முறிந்த பிறகு அவற்றின் பாரத்தையும் மற்ற நான்கும் சுமந்திருக்கின்றன. பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அவற்றை நம்பாதே. ஆறையும் மாற்று.

வண்டியின் உதிரிபாகப் பட்டியலில் எண் கிடைத்தால் அந்த எண்ணைச் சொல்லியே வாங்கு. கிடைக்காவிட்டால், முறியாத ஒன்றைக் கழற்றி அளந்துகொள். வெர்னியரில் விட்டம் பார்க்கும்போது கவனம்: அரை அங்குல போல்ட் 12.7 மில்லிமீட்டர், எம்12 போல்ட் 12 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரையின் இடைவெளியைப் பிட்ச் கேஜ் வைத்துப் பார். விட்டம் ஒன்றாக இருந்தும் 1.25, 1.5 மில்லிமீட்டர் என்று பிட்ச் (மரை இடைவெளி) மாறுபட்டால், போல்ட் இரண்டு சுற்று சுகமாகப் போய் அங்கேயே சிக்கும். அப்போது ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறவர்கள்தான் ஹப்பின் மரையையே அழித்துவிடுகிறார்கள். விரலால் பாதிக்கு மேல் திருக முடியாத போல்ட் அந்தத் துளைக்கு உரியதல்ல.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தலைக்குக் கீழிருந்து நுனிவரை அள. மரையில்லாத பகுதி எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள். அடிமூடிய துளையில் சற்றே நீளமான போல்ட் போட்டால் அதன் நுனி அடியில் போய் முட்டும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், நீயும் இறுகிவிட்டது என்று நினைப்பாய். ஆனால் முகங்களுக்கு இடையே பிடியே இருக்காது. இதைவிட ஆபத்தான பொய்யை ஒரு போல்ட் சொல்ல முடியாது.

தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் பார். 10.9 என்றால், முதல் எண்ணின்படி இழுவலிமை 1000 மெகாபாஸ்கல். அதில் 90 சதவீதம்வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம். பழையது 10.9 ஆக இருந்தால் 8.8 வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காது என்று சொல்லி எவர்சில்வர் போல்ட்டை நீட்டுவார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் வலிமை 700தான். பளபளப்பில் மயங்காதே. எண் எதுவும் பொறிக்காத போல்ட்டைக் கையில்கூட எடுக்காதே.

மாட்டுவதற்கு முன், துளைக்குள் இருக்கும் மண்ணையும் பழைய எண்ணெயையும் துடைத்து எடு. இரு முகங்களிலும் துருவோ பெயின்ட்டோ இருந்தால் சுரண்டிவிடு. அது நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய மரையில் எண்ணெய் தடவாதே. எண்ணெய்ப்பசை இருந்தால் அதே அளவு முறுக்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். கையேட்டில் உள்ள அளவை ஒரே மூச்சில் எட்டாமல், எதிரெதிர் போல்ட்டுகளாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரெஞ்சை வைத்து மறுபடி சரிபார். மறுபக்கச் சக்கரத்தையும் இதே கையோடு பார்த்துவிடு. இங்கே தளர்ந்தது அங்கேயும் தளர்ந்திருக்கலாம்.

துளைக்குள் நிற்கும் முறிந்த துண்டுகளை நீயாக நோண்டாதே. இடப்பக்கம் சுழலும் துளைக்கும் பிட் வைத்திருக்கும் பட்டறையில் கொடு. துளைக்கும்போதே பெரும்பாலும் அவை கழன்று வந்துவிடும்.

விட்டம், பிட்ச், நீளம், தலையில் உள்ள எண் ஆகியவற்றை அளந்து எனக்கு எழுது. நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், பிறகு வாங்கலாம். அதுவரை வண்டியை எடுக்காதே, கண்ணு. பக்கத்தில்தானே என்றுகூட எடுக்காதே.

அன்புடன்,
அப்பா